தொடக்கக் கோட்டில் எத்தனை பாய்?

தூத்துக்குடிக் கடலில் உலகத் தரத்தில் ஒரு பாய்மரப் பந்தயம் நடத்த வேண்டும் என்று நம் பிள்ளைகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அமெரிக்காஸ் கப், செயில் ஜி.பி. பந்தயங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதையே பேசுகிறவர்கள். "நீங்கள் தோணிக் காலத்தைப் பார்த்தவர், பந்தயங்களில் நடுவராகவும் நின்றவர். அந்தப் பெரிய பந்தயங்களில் எதை மாற்றலாம், நாம் தொடங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். எனக்குப் பட்டதை வரிசை போட்டு எழுதியிருக்கிறேன். சிலவற்றை விரிவாகச் சொல்கிறேன், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

1. முதலில் படகுகளை எண்ணுங்கள்.

ஒரு பந்தயம் செழிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் வேகத்தைக் கேட்காதீர்கள். தொடக்கக் கோட்டுக்கு எத்தனை பாய் வந்தது என்று கேளுங்கள். அமெரிக்காஸ் கப் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1851 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஓடி 'அமெரிக்கா' என்ற படகு வென்ற கோப்பை அது. 132 ஆண்டுகள் நியூயார்க் கிளப்பின் கையை விட்டுப் போகவில்லை. 1983இல் 'ஆஸ்திரேலியா 2' அதைப் பறித்தது. அந்த வெற்றி பல நாடுகளுக்கு ஆசையை மூட்டிவிட, 1987இல் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலுக்குச் சவால் விட்டு வந்த அணிகள் 13. 2007இல் ஸ்பெயினின் வலென்சியாவில் 11. அதன்பின் நீதிமன்ற வழக்கு முற்றி, 2010இல் இரண்டே படகுகள் மோதின. 2013இல் சவாலுக்கு வந்தவை 3. 2017இல் 5, 2021இல் மறுபடி 3, 2024இல் பார்சிலோனாவில் 5.

இதே காலத்தில் வேகம் எங்கே போயிற்று என்று பாருங்கள். 1987இல் ஓடிய கனத்த படகுகள் பத்து நாட் (மணிக்குக் கடல் மைல்) அளவில் ஊர்ந்தன. இன்றைய 75 அடிப் படகுகள் தண்ணீருக்கு மேலே எழும்பி 50 நாட்டைத் தாண்டுகின்றன. வேகம் ஐந்து மடங்கு கூடியது, படகுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. அந்தத் தொழில்நுட்பத்தை நான் மட்டம் தட்டவில்லை. ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள படகு, தண்ணீருக்குள் ஒரு சிறு இறக்கையை ஊன்றி அந்தரத்தில் பறப்பதைப் பார்க்கும்போது எனக்கும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் பந்தயம் என்பது பக்கத்தில் இன்னொருவன் இருந்தால்தான். கீழே நான் சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளம்பியவை: அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படகு கூடுதலாக வருவதற்கு எது வழி செய்யும்?

2. விதியை ஒருமுறை எழுதினால் பத்து வருடம் கை வைக்காதீர்கள்.

மேலே சொன்ன எண்களுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. 1958 முதல் 1987 வரை அந்தக் கோப்பைக்கு ஒரே வகைப் படகுதான், பன்னிரண்டு மீட்டர் வகை. அதன் கடைசி ஆண்டில்தான் 13 அணிகள் வந்தன. 1992 முதல் 2007 வரை இன்னொரு வகை. அதன் கடைசி ஆண்டில்தான் 11. ஒரே வகை நிலைத்து நின்றால் பழைய படகு விலைக்குக் கிடைக்கும், அனுபவம் உள்ள ஆள் கிடைப்பான், பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனை எட்டிப் பிடிக்கலாம். 2010 முதல் 2021 வரை ஒவ்வொரு முறையும் படகே மாறியது: ராட்சத இரட்டை, மூன்று உடல் படகுகள், பிறகு 72 அடி, பிறகு 50 அடி, பிறகு 75 அடி ஒற்றை உடல். இந்த மாற்றங்களில் சின்ன அணிகள் கழன்றுகொண்டன. 75 அடி வகை 2021இலும் 2024இலும் தொடர்ந்தது, வந்த அணிகளும் கூடின. 2027இல் நேப்பிள்ஸிலும் அதே வகைதான். அது நல்ல முடிவு.

நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஒருவர் மட்டும் ஓட்டும் லேசர் படகில் — இப்போது ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள் — எல்லாருக்கும் ஒரே படகு, அதையும் போட்டி நடத்துகிறவர்களே கொடுக்கிறார்கள். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன், ராணுவத்தில் இருந்தபடி பயிற்சி எடுத்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் 20ஆம் இடம், பாரிஸ் ஒலிம்பிக்கில் 18ஆம் இடம் பிடித்தார். நடுவே 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35ஆம் இடம், பாரிஸில் 21ஆம் இடம். பணம் கொழுத்த நாடுகளோடு இவர்கள் தோளுரசியது படகு எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததால்தான். படகை வடிவமைப்பதும் போட்டியின் பகுதியாக இருந்திருந்தால் வேலூருக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

2019இல் தொடங்கிய செயில் ஜி.பி. இதை இன்னும் ஒரு படி கொண்டுபோயிற்று. எல்லா அணிக்கும் ஒரே வார்ப்புப் படகு, ஓட்டத்தின் பதிவுகளும் எல்லாருக்கும் பொது. வென்றவன் எந்த இடத்தில் பாயை எவ்வளவு இழுத்தான் என்பதைத் தோற்றவன் அன்று சாயங்காலமே பிரித்துப் பார்க்கலாம். பெரிய பந்தயங்கள் எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் இது. நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

3. காற்றைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

விளம்பரதாரருக்கு வசதியான வாரம், மந்திரி வரக்கூடிய நாள் என்று தேதி வைத்தால் கடல் உங்களை மதிக்காது. நம் கடலின் வருடம் இப்படி. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நுழைந்து பிய்த்துக்கொண்டு வரும். கயத்தாறு காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. தூத்துக்குடிக்கு அது நிலத்தின் மேலாக வந்து கடலில் இறங்குகிறது. காற்றில் பலம் இருக்கும், ஆனால் கரையோரத்தில் அலை எழும்ப இடம் இருக்காது. தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் ஃபாயில் படகுக்கு இதைவிட நல்ல தண்ணீரை உலகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே வெளிநாட்டுக்காரனை நீங்கள் தைரியமாக அழைக்கலாம்.

அதே காற்றில் இரண்டு கெடுதல் உண்டு. நிலத்தைத் தாண்டி வருவதால் விட்டு விட்டு அடிக்கும், திசையும் ஆடும். இது பந்தயக்காரனுக்குச் சோதனை, பார்க்கிறவனுக்குச் சுவை. இரண்டாவது கெடுதல்தான் பெரியது: பாய்மரம் ஒடிந்த படகை அது கிழக்கே, இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். கரையை விட்டு விலகி, நடுக்கடலை நோக்கி. அதனால் மீட்புப் படகுகள் பந்தயத் தண்ணீருக்குக் கிழக்கே நிற்க வேண்டும். கரைப்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிற மீட்புப் படகால் பயன் இல்லை.

தை, மாசியில் வாடை கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், அலையும் சேர்ந்து வரும். வலுவான சாதாரணப் படகுகளுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கும். முத்துக்குளிப்பு நடந்ததும் அந்தப் பருவத்தில்தான். சிறுபிள்ளைகளின் பந்தயத்தை அப்போது வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை எதுவும் வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எந்த மாதத்தில் வந்தது என்பது இந்தக் கரையில் யாருக்கும் மறக்கவில்லை.

4. நேர எல்லையை யோசித்து எழுதுங்கள்.

2013 அமெரிக்காஸ் கப்பில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைக் கேளுங்கள். ஒன்பது புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. நியூசிலாந்து 8–1 என்று முன்னால் நின்றது. ஒரு நாள் காற்று ஓய்ந்துபோயிற்று. நியூசிலாந்துப் படகு எதிராளியை வெகுதூரம் பின்னால் விட்டு முடிவுக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 40 நிமிட நேர எல்லை தீர்ந்துவிட்டது. பந்தயம் ரத்து. அதன் பிறகு அமெரிக்க அணி ஒவ்வொன்றாக வென்று 9–8 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. விதி முன்கூட்டியே எழுதப்பட்டது, ஆகவே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் தொலைக்காட்சி நேரத்துக்காக வைத்த எல்லை அது. சாதாரணப் பந்தயங்களில் நடுவருக்கு ஓர் அதிகாரம் உண்டு: காற்று குறைந்தால், அடுத்த மிதவையிலேயே முடிவு என்று கொடி காட்டிப் பாதையைக் குறுக்கலாம். பெரிய பந்தயங்களும் அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும். ஓடி முடித்தவனுக்கு அவன் ஓடியதன் பலன் கிடைக்க வேண்டும்.

5. தொடக்கக் கோட்டைக் காற்றுக்குக் குறுக்கே சரியாகப் போடுங்கள். ஒரு முனை சற்றே சாதகமாக இருந்தாலும் எல்லாப் படகும் அங்கே போய் முட்டும். நடுவர் படகில் நிற்கிறவர் கடைசி ஐந்து நிமிடம் காற்றுமானியைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. திசை மாறினால் கூச்சப்படாமல் ஒத்திவையுங்கள்.

6. உயிருக்குப் பிறகுதான் கோப்பை.

முத்துக்குளிக்கும் காலத்தில் குளியாளி இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே யார் பிடிப்பது என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு வழக்கம் சொல்வார்கள். மச்சான்தான் பிடிக்க வேண்டும், தன் அக்கா தங்கச்சி தாலிக்காக அவன் கண் அயர மாட்டான். பந்தயத்தில் மீட்புப் படகில் யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது இதை நினையுங்கள். சம்பளத்துக்கு வந்தவரோ, யாரோ சிபாரிசில் வந்தவரோ போதாது. ஒரு போட்டியில் மீட்புப் படகு கிளம்ப வேண்டிய நேரத்தில் அதில் டீசல் இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யார் நடத்தியது என்ற பெயர் இங்கே வேண்டாம். காலையில் டேங்கைத் திறந்து பார்ப்பது நடுவரின் வேலைப் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும்.

2013 மே மாதம் அமெரிக்காஸ் கப் பயிற்சியில் 72 அடிப் படகு ஒன்று கவிழ்ந்து ஆண்ட்ரூ சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் வீரர் இறந்தார். பெய்ஜிங்கில் தங்கம், லண்டனில் வெள்ளி வென்றவர். ஒலிம்பிக் மெடல் வாங்கிய கையைக்கூடக் கடல் விடவில்லை. அதற்குப் பிறகு தலைக்கவசம், சிறு ஆக்சிஜன் குப்பி, காற்றுக்கு மேல் எல்லை என்று பாதுகாப்பு இறுகியது. 2021 ஜனவரியில் ஆக்லாந்தில் அமெரிக்க அணியின் படகு கவிழ்ந்து மூழ்கப் பார்த்தபோது எதிர் அணிகளின் ஆட்களே ஓடி வந்து அதைக் காப்பாற்ற உதவினார்கள்.

இதில் நான் முன்வைக்கும் யோசனை ஒன்று. பிறரைக் காப்பாற்றப் போனவனுக்கு இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு நிற்காமல், அதைப் பரிசளிப்பில் கோப்பைக்குச் சமமாக அறிவியுங்கள். 2018இல், தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் ஒடிந்து, முதுகு முறிந்து கிடந்தார். போட்டியாளரான அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், தன் படகின் பாய்மரமும் ஒடிந்த நிலையில் அவரை நோக்கித் திரும்பினார். கடைசியில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து அபிலாஷை எடுத்தது. அடுத்த பந்தயத்தில் அதே அபிலாஷ் 2023 ஏப்ரலில் இரண்டாம் இடத்தில் வந்து சேர்ந்தார். முதலிடம் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணுக்கு. நடுவழியில் படகு மூழ்கிய ஃபின்லாந்து வீரரைத் தேடிப் போய்த் தூக்கிக்கொண்டு, பிறகு ஓடி வென்றவர் அவர். உலக விதிப்புத்தகத்தில் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவதுதான். பிள்ளைகளுக்குப் பாய் இழுக்கக் கற்றுக் கொடுக்கும் முன்பு அதைக் கற்றுக் கொடுங்கள்.

7. தண்ணீருக்கு அடியில் குடியிருப்பவர்களையும் கணக்கில் எடுங்கள்.

நம் பந்தயத் தண்ணீரைச் சுற்றி வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி என்று தீவுகள். 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இவையும் சேர்த்தி. அடியில் பவளப்பாறை. அதன் மேல் நங்கூரம் விழுந்தால் வளர்ந்தது எல்லாம் ஒரு நொடியில் நொறுங்கும். பாதையைத் தீவுகளை விட்டு விலக்கி, பூங்கா எல்லைக்கு வெளியே வையுங்கள். மிதவைக்கு நங்கூரமே வேண்டாம். செயற்கைக்கோள் குறி பார்த்துத் தன் சிறு மோட்டாரால் ஒரே இடத்தில் நிற்கும் மிதவைகள் பெரிய பந்தயங்களில் வந்துவிட்டன. காற்று மாறினால் கரையிலிருந்தே அவற்றை நகர்த்தலாம். நமக்கு அது பவளத்தையும் காக்கும், நேரத்தையும் காக்கும்.

அடுத்தது ஆவுளியா. கடல்பசு என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மெதுவாக நீந்தும், மூச்சுக்கு மேலே வரும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஃபாயில் அதற்குக் கத்தி. 2024 மார்ச்சில் நியூசிலாந்தின் லிட்டெல்டனில் அரிய ஹெக்டர் டால்பின் பந்தயத் தண்ணீருக்குள் வந்ததால் செயில் ஜி.பி.யின் ஒரு நாள் ஓட்டம் நின்றுபோயிற்று. கூட்டம் ஏமாந்தது, நடத்தியவர்கள் கோபப்பட்டார்கள். நிறுத்தியது சரி என்பதுதான் என் கருத்து. உங்கள் விதியில் இதை முன்னாலேயே எழுதுங்கள், அன்றைக்குச் சண்டை போட வேண்டியிராது.

8. மீனவரிடம் முதலில் கேளுங்கள்.

துறைமுகம், வனத்துறை, கடலோரக் காவல் படை என்று அனுமதிக்கு அலைவதற்கு முன்பு திரேஸ்புரத்துக்கும் இனிகோ நகருக்கும் போங்கள். பாதை போகும் இடத்தில் யார் வலை கிடக்கிறது, சங்கு குளிக்கப் போகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு நடத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கரையில் பார்க்கவும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மீட்புப் படகுக்கும் நடுவர் படகுக்கும் அவர்கள் படகையே வாடகைக்கு எடுங்கள், ஒழுங்கான வாடகை கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் ஆளும் கிடைப்பார்கள், அவர்களுக்கு அந்த வருமானமும் தேவை.

9. வள்ளத்துக்கும் ஒரு பந்தயம் வையுங்கள்.

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். துபாயில் அல் கஃபால் என்று ஒரு பந்தயம் 1991 முதல் நடக்கிறது. 60 அடி நீளப் பாய்மரத் தோவ்கள், வளைகுடாவின் நடுவே இருக்கும் சர் பூ நயிர் தீவிலிருந்து துபாய்க் கரைக்கு ஏறக்குறைய 50 கடல் மைல் ஓடி வருகின்றன. பருவம் முழுக்க முத்துக்குளித்துவிட்டு வீடு திரும்பும் படகுகளின் நினைவாக நடக்கும் ஓட்டம் அது. நூறு படகுகளுக்கு மேல் வரிசையில் நின்ற ஆண்டுகள் உண்டு. அமெரிக்காஸ் கப்புக்கு வாய்க்காத கூட்டம் முத்துக்குளிப்பின் பெயரால் அங்கே சேர்கிறது.

முத்து என்றால் உலகத்துக்கு முதலில் தெரிந்த கரைகளில் ஒன்று நம்முடையது. கொற்கையின் முத்து ரோம் வரை போனது. இங்கே கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. இரவின் கரைக்காற்றில் பாய் விரித்து முத்துப் பாருக்குப் போய், பகலில் குளித்து, கடற்காற்று எழும்பியதும் வள்ளங்கள் எல்லாம் கரையை நோக்கி விரட்டிக்கொண்டு வரும். யார் முதலில் சேர்வது என்று படகை நடத்தும் தண்டல்களுக்குள் போட்டி எப்போதும் இருந்தது. அந்த ஓட்டத்தை மீட்டெடுங்கள். தோலாயிரம் பார் பக்கத்திலிருந்து கிளம்பி முத்துநகர் கடற்கரையில் முடியட்டும். எந்த வெளிநாட்டுப் பந்தயத்துக்கும் இப்படி ஒரு பாதை கிடையாது.

பாய்மரத்தில் ஓடத் தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். நம் வள்ளங்கள் மோட்டாருக்கு மாறிவிட்டன, தோணிகளும் இன்ஜின் வைத்துக்கொண்டன. ஆனால் வடக்கே பாக்கு நீரிணைக் கரையில், தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைப் பக்கம், கோயில் திருவிழாவை ஒட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. படகு சாயும்போது குறுக்குப் பலகை மேல் ஆட்கள் ஏறி வெளியே தொங்கி எடை கொடுப்பதைப் போய்ப் பாருங்கள். ஒலிம்பிக்கில் கம்பியில் தொங்குகிறவர்கள் செய்வதும் அதைத்தான். அந்த ஊர்க்காரர்களை அழையுங்கள். படகு கட்ட நம் ஓடாவிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கை ஓய்வதற்குள் வேலை கொடுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. நம் கடலின் எதிர்க்கரையில், தமிழ் ஓடாவிகள் கட்டிய கப்பல்.

அமெரிக்காஸ் கப் கோப்பையின் தானப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. படகு, சவால் விடும் நாட்டில் கட்டியதாக இருக்க வேண்டும். அங்கே நாள் போகப் போக வெளிநாட்டு நிபுணர்களை விலைக்கு வாங்கும் பழக்கம் பெருகிவிட்டது. படகு கட்டுகிறவனும் ஓட்டுகிறவனும் அந்த ஊர்க்காரனாக இருந்தால்தான் ஊர் சேர்ந்து கத்தும். அந்த விதியை அவர்கள் மறுபடி இறுக்க வேண்டும் என்பேன்.

10. தரம் பிரித்து ஓட விடுங்கள். நம் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு வைத்திருப்பது போல, படகிலும் வயதுக்கும் வகைக்கும் ஏற்ற பிரிவு வேண்டும். பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் படகு. 1947இல் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக வரைந்த, 2.3 மீட்டர் நீளமுள்ள சிறு பெட்டி போன்ற படகு, 15 வயது வரை ஓட்டலாம். ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலானோர் ஏறி வந்த முதல் படி அது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருப்பதால் சென்னைப் பிள்ளைக்கு அந்தப் படி கிடைக்கிறது. நம் ஒலிம்பிக் வீரர்கள் கணபதியும் வருண் தக்கரும் 49er வகைப் படகில் டோக்கியோவில் 17ஆம் இடம் பிடித்தது அந்தச் சென்னைக் கடலில் பழகித்தான். தூத்துக்குடியில், கடலுக்கு முகம் கொடுத்துக் கட்டிய வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு அது இல்லை. பந்தய வருமானத்தில் முதல் பங்கு இந்தச் சிறு படகுகள் வாங்கப் போகட்டும். மீனவப் பிள்ளையிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

11. பெண்களுக்குத் தனிப் பந்தயமும் வேண்டும், பெரிய படகில் இடமும் வேண்டும். பார்சிலோனாவில் 2024இல்தான் முதன்முதலாகப் பெண்கள் அமெரிக்காஸ் கப் நடந்தது, அதுவும் சிறிய படகில். கோப்பைக்கு 173 வயதான பிறகு. நம் கடற்படையின் தில்னாவும், புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமியும் 'தாரிணி'யில் இருவர் மட்டுமாக உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். கேப் ஹார்ன் முனையைக் கடந்து வந்தவர்களுக்கு எந்தப் படகில் இடம் மறுப்பீர்கள்? உங்கள் விதியில் கலப்பு அணியைக் கட்டாயமாக்குங்கள்.

12. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆலப்புழையில் 1952 முதல் நடக்கும் நேரு கோப்பைப் படகோட்டத்துக்கு அத்தனை கூட்டம் வருவதற்குக் காரணம், ஏரிக்கரையில் நின்றாலே எல்லாம் தெரிகிறது. பாய்மரப் பந்தயத்தின் பழைய நோய், கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே தெரிவது. மேல்காற்றுக் காலத்தில் நமக்குக் கரையை ஒட்டியே தட்டையான தண்ணீர் கிடைக்கிறது, ஆழம் பார்த்துப் பாதையை அங்கே போடுங்கள். வர்ணனை தமிழில் இருக்கட்டும். சொல்பவர் ஒரு பழைய தண்டலாக இருந்தால் இன்னும் நல்லது. காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று படகுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

13. தகராறு மனு வந்தால் அன்றிரவே விசாரித்து, தீர்ப்பைக் காரணத்தோடு பலகையில் ஒட்டுங்கள். 2010 கோப்பை நீதிமன்றத்தில் சிக்கி எப்படிச் சுருங்கியது என்று முதலிலேயே சொன்னேன். நடுவர்களில் ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும்.

14. வருடம் தவறாமல் நடத்துங்கள். அமெரிக்காஸ் கப்பில் இதுவரை பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஓட்டம். இடைவெளியில் அணிகள் கலைந்து, ஆட்கள் சிதறிப் போகிறார்கள். அதே தானப் பத்திரம் இன்னொன்றும் சொல்கிறது: சவால் விடும் கிளப், கடலிலோ கடலின் ஒரு கையிலோ ஆண்டுதோறும் பந்தயம் நடத்துகிறதாக இருக்க வேண்டும். மன்னார் வளைகுடா அதற்கு முழுத் தகுதி உள்ள தண்ணீர். அந்தக் கோப்பைக்கு இந்தியாவிலிருந்து ஒரு படகும் இதுவரை ஓடியதில்லை. 2008 டிசம்பரில் வோல்வோ ஓஷன் ரேஸ் படகுகள் கொச்சியில் வந்து நின்றுவிட்டுப் போனதோடு பெரிய பந்தயங்கள் நம் கரைக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆகவே பிள்ளைகளா, முதல் ஆண்டிலேயே உலகத்தை அழைக்க வேண்டாம். வருகிற சித்திரையில் சில ஆப்டிமிஸ்ட் படகுகள், பாக்கு நீரிணையிலிருந்து வரும் பாய்ப்படகுகள், நம் ஓடாவிகள் கட்டிய இரண்டு மூன்று வள்ளங்கள், இவற்றோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள். எத்தனை பாய் வந்தது என்று எழுதி வையுங்கள், அடுத்த ஆண்டு அந்த எண்ணைக் கூட்டப் பாருங்கள். துறைமுக நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் மனுவை இந்த மாதமே கொடுங்கள். அனுமதிக் கடிதம் வரத் தாமதமாகும், ஓடாவிக்கும் மரம் அறுத்துக் காயவைக்க நேரம் வேண்டும்.